திடீரென்று உயர்ந்தவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஐஈஎல்டிஎஸ் எழுதும் பிள்ளைகளுக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து, வெளிநாடு போகக் கேட்கும் ஆங்கிலப் பரீட்சையான ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்கள் வருசா வருசம் கூடிக்கொண்டே வருகிறார்கள். தாதியர் வேலை, மேற்படிப்பு, வெளிநாட்டில் இருக்கும் குடும்பத்தோடு சேர்வது என்று காரணம் ஆளுக்காள் வேறு. படிக்கிற முறை மட்டும் அநேகமாக ஒன்றுதான்: கொப்பியில் ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்க் கருத்து. மேசை, கதிரை, சுற்றாடல் போன்ற சொற்களுக்கு அது போதும். ஒரு மனிதர் பணத்தாலோ புகழாலோ பதவியாலோ திடீரென மேலே வந்ததைச் சொல்லும் சொற்களுக்கு அது போதவே போதாது. வெற்றி, பணம், பிரபலம், சமூக ஏற்றத்தாழ்வு எல்லாம் இந்தப் பரீட்சையில் வழக்கமாக வரும் தலைப்புகள் என்பதால் இந்தச் சொற்களைத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

களுவாஞ்சிக்குடியில் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற சேர் ஒருவரின் வகுப்பில்தான் எனக்கு இது பிடிபட்டது. செங்கலடியில் இருந்து வரும் ஒரு தம்பி தன் மாமாவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். கட்டாரில் கன காலம் உழைத்து, ஊருக்கு வந்து மாடி வீடு கட்டி, ஹார்ட்வெயார் கடையும் போட்டவர் அந்த மாமா. அவரைப் பெருமையாகச் சொல்ல நினைத்து, 'மை அங்கிள் இஸ் நூவோ ரீஷ்' என்று எழுதிவிட்டான். அகராதியில் 'புதுப் பணக்காரர்' என்று போட்டிருந்ததாம்.

சேர் சிவப்புப் பேனையை எடுக்கவில்லை. "மகன், மாமாட வீடு குடிபூரலில வைச்சு, எல்லாருக்கும் முன்னால இதச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"ஓம் சேர். நல்ல விசயம்தானே."

"அப்ப, அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியிலயும் குடை பிடிப்பான் எண்டு சொல்லுவீங்களா?"

"ஐயோ, இல்ல சேர்!"

"நூவோ ரீஷ் எண்டா அந்தப் பக்கத்துச் சொல்லு, மகன்."

மறுகா அந்த வரியை 'ஹீ இஸ் எ செல்ஃப்-மேட் மேன்' என்று மாற்றி எழுதச் சொன்னார். யாருடைய தயவும் இல்லாமல் சொந்த உழைப்பால் வந்தவர் என்ற மரியாதை அதில் இருக்கிறது. இன்னும் சாதாரணமாக, 'ஹீ ஹாஸ் டன் வெல் ஃபோர் ஹிம்செல்ஃப்' என்றும் சொல்லலாம். பிரித்தானியர் அன்றாடம் பேசும் பேச்சு அது. பேச்சுப் பரீட்சைக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பழகச் சொல்வேன்.

அன்றிலிருந்து இந்த வகைச் சொல் எது வந்தாலும் நான் அந்தக் குடிபூரல் கேள்வியைப் போட்டுப் பார்த்துத்தான் கொப்பியில் ஏற்றினேன். ஆங்கிலத்தில் இந்த விசயத்துக்கு இருக்கும் சொற்களில் இகழ்ச்சிச் சொற்கள் நிறைய. பரம்பரைச் செல்வமும் பட்டமும் உள்ளவர்கள் புதிதாக வந்தவர்களைத் தள்ளிவைக்கப் பாவித்தவை அவை. 'நூவோ ரீஷ்', 'பார்வெனு' இரண்டும் பிரெஞ்சில் இருந்து வந்தவை. கையில் காசு வந்துவிட்டது, பழக்கவழக்கம் வரவில்லை என்ற குத்தல் இரண்டிலும் உண்டு. 'அப்ஸ்டார்ட்' என்பதற்குப் பணம் முக்கியமில்லை. நேற்று வந்தவன் இன்று பெரிய ஆள் மாதிரி நடக்கிறான் என்பதே அதன் எரிச்சல். ஷேக்ஸ்பியரே இந்தச் சொல்லால் அடிபட்டவர்தான். 1592இல் ராபர்ட் கிரீன் என்ற எழுத்தாளரின் பெயரில் வந்த ஒரு சிறுநூல், ஷேக்ஸ்பியரைக் குறிவைத்து 'அப்ஸ்டார்ட் குரோ' (திடீரென மேலே வந்த காகம்) என்றது. பல்கலைக்கழகம் போகாத ஒரு நடிகன் நாடகம் எழுத வந்துவிட்டானே என்ற கோபம். 'ஜம்ப்ட்-அப்' என்பதும் இதே குணம்தான்; பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும், பிரித்தானிய வழக்கு. 'சோஷியல் கிளைம்பர்' மட்டும் கொஞ்சம் வேறு. அவர் இன்னும் உயர்ந்து முடியவில்லை, பெரிய இடத்து ஆட்களோடு ஒட்டிக்கொண்டு ஏறப் பார்க்கிறார்.

புகழுக்கு வேறு சொற்கள். 'ஷொட் டு ஃபேம்', 'ஓவர்நைட் சக்சஸ்', 'மீற்றியோரிக் ரைஸ்' மூன்றிலும் வேகம்தான் முக்கியம், இகழ்ச்சி இல்லை. யாரும் எதிர்பார்க்காத அணி கிண்ணத்தைத் தூக்கினால் 'சின்ட்ரெல்லா ஸ்டோரி' என்பார்கள். 1996இல் லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று இலங்கை உலகக் கிண்ணம் எடுத்ததை அப்படிச் சொல்லலாம், பொருத்தமாக இருக்கும்.

எங்கள் பிள்ளைகள் அளவுக்கு மிஞ்சிப் பாவிப்பது 'ராக்ஸ் டு ரிச்சஸ்', அதாவது கந்தையில் இருந்து செல்வத்துக்கு. வெற்றி பெற்ற எவரைப் பற்றி எழுதினாலும் இதைப் போட்டுவிடுகிறார்கள். தொடக்கத்தில் வறுமையும் முடிவில் செல்வமும் இருந்தால்தான் இது சரி. சுவாமி விபுலானந்தரை எடுங்கள். 1892இல் காரைதீவில் பிறந்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். நம் மண்ணில் இருந்து போன இவ்வளவு பெரிய உயர்வை எழுதும்போது 'ராக்ஸ் டு ரிச்சஸ்' என்று போட்டால் அது அவருக்கே பொருந்தாது. அவர் துறவி, செல்வத்தைத் தேடிப் போனவரே இல்லை. 'ஓவர்நைட்' என்பதும் பிழை, அது பல வருடப் படிப்பின் பலன். 'ஹீ ரோஸ் டு ப்ரொமினன்ஸ் அஸ் எ ஸ்கொலர்' (அறிஞராகப் பேர் பெற்று உயர்ந்தார்) என்றால் அளவாக இருக்கும். இந்த இடத்தில் 'ரைஸ், ரோஸ், ரிஸன்' என்ற மூன்று வடிவத்தையும் மனதில் வையுங்கள். 'ரெய்ஸ்' வேறு வினை. அதற்குப் பின்னால் உயர்த்தப்படும் பொருள் ஒன்று வரவேண்டும்.

புள்ளி விசயத்துக்கு வருவோம். எழுத்துப் பகுதியில் சொல்வளத்துக்கு நான்கில் ஒரு பங்கு. ஏழாம் பாண்ட் (புள்ளி நிலை) எடுக்க, அதிகம் புழங்காத சொற்களை நடையும் சேர்க்கையும் அறிந்து பாவிக்கத் தெரிய வேண்டும் என்று பரீட்சை நடத்துபவர்களே வெளியிட்ட அளவுகோலில் இருக்கிறது. ஆகவே 250 சொல் கட்டுரையில் இப்படிப்பட்ட சொல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பழமொழி வேண்டாம். குதிரையில் ஏறிய பிச்சைக்காரனைப் பற்றி ஆங்கிலத்திலும் நம் குடைக்காரனைப் போல ஒரு பழமொழி உண்டு. கேட்க ருசி, பரீட்சைத் தாளில் பழைய வாடை. எழுத்துப் பகுதியின் முதலாம் பணியில் வரைபடத்தை விளக்கும்போது 'மீற்றியோரிக்' என்று எழுத வேண்டாம், 'ஷார்ப் ரைஸ்' போதும்.

அகராதி பார்க்கும்போது தமிழ்க் கருத்தோடு நிறுத்தாதீர்கள். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்ஃபோர்ட் இரண்டின் மாணவர் அகராதியும் இணையத்தில் இலவசம். இகழ்ச்சிச் சொல் என்றால் அதன் பக்கத்தில் 'டிஸ்அப்ரூவிங்' என்று போட்டிருக்கும். கொப்பியில் மூன்றாவது நிரல் ஒன்று கீறி அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தச் சொல்லை வைத்து உங்கள் ஊரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி ஒரு வசனம் எழுதி, சத்தமாக வாசியுங்கள். பேச்சுப் பரீட்சையின் இரண்டாம் பகுதியில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லச் சொன்னால், ஆயத்தத்துக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்தான். அந்த வசனங்கள் அப்போது தானாக வாயில் வரும்.