உத்தரவு சொல்ல

திருச்செங்கோட்டில் ஒரு வீட்டு மொட்டைமாடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். பாய் விரித்துப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். வேதத்தில் பேதுருவின் முதலாம் நிருபம், மூன்றாம் அதிகாரம். ஆளுக்கொரு வசனமாக வாசித்துக்கொண்டு வந்ததில், 15-ஆம் வசனம் இரண்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பையனிடம் வந்தது. அவன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன் இல்லை, ரூம்மேட்டோடு வந்தவன். “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்” என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தான். பிறகு நிமிர்ந்து, “கேக்குறவங்களுக்கு உத்தரவு போடணுங்களாண்ணா?” என்றான்.

அவன் கேட்டதில் தப்பே இல்லை. இன்றைக்கு உத்தரவு என்றால் கலெக்டர் போடுவது, நீதிமன்றம் போடுவது. எங்கள் சபைகளில் வாசிக்கிற பழைய வேத மொழிபெயர்ப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ். அதில் உத்தரவு என்றால் மறுமொழி, பதில். அதைச் சொன்னேன். “அப்போ அவங்க கேட்டாத்தான் சொல்லணும், அதுவும் பணிவா சொல்லணும். சரிங்களாண்ணா?” என்றான். சரி என்றேன். அன்று ராத்திரி எனக்குச் சீக்கிரம் தூக்கம் வரவில்லை. இந்த வேலைக்கு வந்து அப்போது நாலாவது வருஷம். அந்த வசனத்தை எத்தனையோ முகாம்களில் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ‘கேட்கிற யாவருக்கும்’ என்பதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோயில் கோபுரமும் ஒரு சபைக் கோபுரமும் தெரியும். படிப்பு முடித்து ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்தில் முழுநேர ஊழியராகச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்த பகுதி சேலம், நாமக்கல், திருச்செங்கோடு. பொறியியல், பார்மசி, நர்சிங், பாலிடெக்னிக் என்று சாலைக்கு இரண்டு பக்கமும் கல்லூரிகள். பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். கேட்டில் வாட்ச்மேன், எட்டு மணிக்கு ஹாஸ்டல் அட்டெண்டன்ஸ். வெளியாள் உள்ளே போக முடியாது, அனுமதி இல்லாமல் போகவும் கூடாது. அதனால் நம்பிக்கையை உள்ளே கொண்டுபோகிறவர்கள் மாணவர்கள்தான். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் கிறிஸ்தவப் பிள்ளைகள் தங்கள் ரூம்மேட்டிடம், லேப் பார்ட்னரிடம் பேசுவார்கள். அவர்களை உட்கார வைத்து வேதம் படிக்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த முறை புதிதல்ல. இந்திய மாணவர் ஐக்கியங்கள் 1954-ல் ஒன்றுசேர்ந்து யு.இ.எஸ்.ஐ. என்ற அமைப்பானபோதே, இது மாணவர்கள் தாங்களே நடத்துகிற வேலை, ஊழியர்கள் பக்கத்தில் நிற்பவர்கள் என்றுதான் வகுத்துக்கொண்டார்கள்.

ஆனால் முதல் இரண்டு வருஷம் நான் பக்கத்தில் நிற்கவில்லை. முன்னால் ஓடினேன். ஊழிய வட்டாரத்தில் ‘ஆத்தும ஆதாயம்’ என்று ஒரு சொல் உண்டு. நீதிமொழிகளில் ‘ஆத்துமாக்களை ஆதாயப்படுத்திக்கொள்ளுகிறவன் ஞானமுள்ளவன்’ என்று இருப்பதிலிருந்து வந்தது. நல்ல அர்த்தத்தில் பிறந்த சொல்தான். ஆனால் ஆதாயம் என்று ஒன்று வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடுகிறது. மாதாமாதம் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை பேரைச் சந்தித்தாய், எத்தனை பேருக்குச் சுவிசேஷம் சொன்னாய், எத்தனை பேர் இயேசுவை ஏற்றுக்கொள்ளத் தீர்மானம் எடுத்தார்கள் என்று அதில் கட்டங்கள் இருந்தன. கடைசிக் கட்டம் காலியாக இருக்கிற மாதம் எனக்கு வயிறு கலங்கும். யாரும் திட்டியதில்லை. நானே என்னை அப்படி வைத்துக்கொண்டேன்.

அப்படியொரு மாதத்தில்தான் அந்த மெக்கானிக்கல் பையனைச் சந்தித்தேன். மூன்றாம் ஆண்டு. அப்பா லாரி ஓட்டுநர், ஊர் சங்ககிரிப் பக்கம். ஐந்து அரியர். கல்லூரி ஃபீஸ் பாக்கி. அப்பாவுக்கு விபத்தில் கால் போய், அம்மா தறிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ராத்திரி அவன் நண்பன் எனக்கு போன் செய்து, “அண்ணா, இவன் ஒரு மாதிரி இருக்கான், வர முடியுமா?” என்று கேட்டான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினோம். அழுதான். நானும் அழுதேன், அதில் பொய் இல்லை. அப்புறம் நான் இயேசுவைப் பற்றிச் சொன்னேன், உன் பாரத்தை அவர் சுமப்பார் என்றேன். அவரை ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டேன். தலையாட்டினான். நான் வரிவரியாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொல்லி ஜெபித்தான். ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து, அந்த மாதக் கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.

அதற்கப்புறம் அவன் என் போனை எடுக்கவில்லை. ரோட்டில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனான். நாலைந்து மாதம் கழித்து சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நேருக்கு நேர் பார்த்துவிட்டோம். நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: “அண்ணா, அன்னைக்கு நீங்க எதைச் சொல்லியிருந்தாலும் நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். கூட ஒரு ஆள் இருந்தாப் போதும்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் உங்களைப் பாத்தா, ஏதோ வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்காத மாதிரி இருக்கு.”

என்னிடம் எத்தனையோ பேர் கோபமாகப் பேசியிருக்கிறார்கள். மதம் மாற்ற வந்தவன் என்று ஒரு டீக்கடையில் எழுப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் இப்படி வலிக்கவில்லை. அவன் கோபமே படவில்லை. என்னிடம் கடன்பட்டவன் போல நின்றான். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் இன்னொரு கடனைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதன் பிறகு எனக்கென்று சிலவற்றை வைத்துக்கொண்டேன். உடைந்துபோய் வருகிற ராத்திரியில் யாரிடமும் தீர்மானம் கேட்பதில்லை. அன்றைக்குச் சாப்பாடு, கூட இருப்பது, தேவைப்பட்டால் டாக்டர், வீட்டுக்கு ஒரு போன். ஜெபிக்கட்டுமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். ஃபீஸுக்கு யாரிடமாவது உதவி கேட்டு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பையனிடம் நானாக நம்பிக்கை பற்றிப் பேச்செடுப்பதில்லை. அவனாகக் கேட்டால் பேசுவேன். பெற்றோருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அறிக்கையின் கடைசிக் கட்டத்தை நிரப்ப மாட்டேன் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். அதைப் பற்றி அவர் மறுபடி கேட்கவில்லை.

பதிலாக, மாற்கு சுவிசேஷத்தை எடுத்தோம். பதினாறு அதிகாரம், வாரம் ஒன்று என்றால் ஒரு செமஸ்டர். நான் பிரசங்கம் செய்வதில்லை. என்ன எழுதியிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், எனக்கு இதில் என்ன என்று மூன்று கேள்விகள், அவ்வளவுதான். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் சண்டே ஸ்கூலில் கேட்ட பதிலைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். முதல் முறையாக வாசிக்கிறவர்கள்தான் உண்மையில் பார்க்கிறார்கள். எட்டாம் அதிகாரத்தில் இயேசு ஒரு குருடனைத் தொட்டதும் அவனுக்குப் பாதிதான் தெரிகிறது. மனுஷர் மரங்களைப் போல நடக்கிறார்கள் என்கிறான். இயேசு மறுபடியும் கை வைக்கிறார். “ஏண்ணா ஒரே தடவையில சரியாகல?” என்று ஒரு நர்சிங் மாணவி கேட்டாள். ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போய் வளர்ந்த நான் அதை ஒரு கேள்வியாக நினைத்ததே இல்லை.

பத்தாம் அதிகாரத்தில் ஒரு பணக்காரன் ஓடிவந்து முழங்கால்படியிட்டு, நித்திய ஜீவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். ‘இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து’ என்று மாற்கு எழுதுகிறார். உனக்குள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு, பிறகு என்னைப் பின்பற்றி வா என்கிறார் இயேசு. அவன் துக்கத்தோடே போய்விடுகிறான். இயேசு பின்னால் ஓடவில்லை. பாதியை விற்றால் போதும் என்று பேரம் பேசவும் இல்லை. அன்புகூர்ந்து, போகவும் விட்டார். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சேலம் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வருகிறது.

சட்டத்தைப் பற்றியும் மாணவர்கள் கேட்பார்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சட்டம் வந்த விதத்திலும் அது ஏழைகளைப் பார்த்த விதத்திலும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஆசை காட்டியோ பயம் காட்டியோ ஒருவரை விசுவாசத்துக்குக் கொண்டுவரக் கூடாது என்பதற்கு எனக்குச் சட்டம் தேவையில்லை. அப்படி வருவதை விசுவாசம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. மூன்று செமஸ்டர் எங்களோடு வாசித்த, பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மாணவன், ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று தானாகவே சொன்னான். சந்தோஷமாக இருந்தது. அதற்காகவே அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. மாறினால் தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவாய், எஸ்.சி. இட ஒதுக்கீடு போய்விடும், மாநில அரசின் சில உதவிகளில் மட்டும் மதம் மாறிய ஆதிதிராவிடர்களையும் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். இதைச் சொல்லாமல் ஒருவனைத் தண்ணீரில் இறக்குவது நேர்மை இல்லை. சொல்லும்போது எனக்கு வெட்கமாகவும் இருந்தது. சபைக்குள் வந்தால் சாதி போய்விடும் என்று அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. என் ஊரிலேயே சாதி பார்த்துப் பெண் கொடுக்கிற கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அதையும் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, “இயேசுவுக்கு அது பிடிக்காது, இல்லைங்களா?” என்றான். பிடிக்காது என்றேன். யோசிக்கிறேன் என்று போனான். இரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறான். மாதம் ஒருமுறை பேசுகிறோம். நான் அவசரப்படுத்தவில்லை.

போன ஆகஸ்டில் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. அந்த மெக்கானிக்கல் பையன். அரியர் எல்லாம் முடித்து, ஓசூரில் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம். அப்பா இப்போது ஊரிலேயே ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறாராம். பேசிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தான். “அண்ணா, தம்பி அங்கதான் சேர்ந்திருக்கான். முதல் வருஷம். ஹாஸ்டல் அவனுக்கு ஒத்துக்கல. கொஞ்சம் பாத்துக்கங்க. ஆனா அவனாக் கேட்டா மட்டும் சொல்லுங்கண்ணா.”

சரிப்பா என்றேன். போனை வைத்த பிறகும் மொட்டைமாடியிலேயே ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

தம்பி இப்போது வெள்ளிக்கிழமைகளில் வருகிறான். ஒல்லியான பையன், அண்ணன் ஜாடை. பாயின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வான். வாசிக்கும் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவனிடம் புத்தகத்தைத் தள்ளிவிடுவான். முடிந்ததும் தக்காளி சாதம் இரண்டு தட்டு சாப்பிடுவான். மாற்கு ஆறாம் அதிகாரம் வரை வந்திருக்கிறோம். இதுவரை அவன் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் படி இறங்கும்போது மட்டும் திரும்பி நின்று, “அடுத்த வெள்ளி லீவுங்களே, அப்பவும் இருப்பீங்களாண்ணா?” என்றான்.

இருப்பேன் என்றேன்.