கியோட்டோவில் ஒரு நாற்காலி

ஜப்பானின் கியோட்டோவில் எட்டே பேர் உட்காரக்கூடிய ஒரு கடையில் ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இடம் பிடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. காசைச் சேர்த்துவிட்டால் போதும் என்றுதான் கிளம்பினேன். காசுப் பேச்சு வந்தது கடைசியில். அங்கே போக ஆசைப்படுகிறவர்களுக்கு உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

நான் போக நினைத்தது கப்போ வகைக் கடை. கைசெகி என்கிற பல தட்டு விருந்தேதான், ஆனால் தனியறை கிடையாது. சமையல்காரருக்கு நேர் எதிரே, நீளமான மரப்பலகையை ஒட்டி உட்கார வேண்டும். கண்ணெதிரே அரிவார், கண்ணெதிரே சுடுவார். அந்தக் கைவேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

கியோட்டோவில் ஒரு பழைய வழக்கம் உண்டு: இச்சிகென்-சான் ஒகொத்தோவாரி. தெரிந்தவர் யாரும் கூட்டிவராத புது ஆளை ஏற்பதில்லை. முன்னாளில், கூட்டிவந்தவர்தான் அந்த விருந்தாளியின் பில்லுக்கும் நடத்தைக்கும் பொறுப்பு. இன்று பல கடைகள் இணையத்திலேயே முன்பதிவு எடுக்கின்றன. நான் விரும்பிய கடையோ, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் தங்கும் ஹோட்டல் வழியாக மட்டும் ஏற்கும். அதனால் இரண்டு இரவுக்கு மட்டும், கன்சியர்ஜ், அதாவது விருந்தினருக்கு முன்பதிவு போன்றவற்றைச் செய்துதரும் ஊழியர், இருக்கும் ஒரு நல்ல ஹோட்டலுக்கு மாறினேன். அறை போட்ட அன்றே அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. என்ன ஒவ்வாமை, எதைச் சாப்பிட மாட்டீர்கள், பச்சை மீன் ஆகுமா, மது உண்டா, எந்த நாட்டு போன் எண். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். கூட வந்த தோழி சுத்த சைவம். "மீன் சாறு கொஞ்சம் கலந்தால் பரவாயில்லை" என்று அவளைக் கேட்காமலே எழுதிவிட்டேன். இரவு அவளிடம் சொன்னபோது முகம் மாறிவிட்டது. மறுநாளே திருத்தி எழுதினேன். மூன்று நாள் கழித்து, மிகுந்த பணிவோடு, முடியாது என்று பதில் வந்தது.

காரணம் தாஷி. கொம்பு என்ற கடற்பாசியையும், காய்ந்து இறுகிய சூரை மீனைச் சீவிய கத்சுவோபுஷியையும் வெந்நீரில் ஊறவிட்டு எடுக்கும் சாறு. சூப் மட்டுமில்லை, வேகவைத்த கத்தரிக்காய்க்குள்ளும் அதுதான் இருக்கும். ஒருவருக்காக அதை எடுத்துவிட்டால் அன்றைய சமையலே வேறாகிவிடும். மீன் துண்டை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று சமாளிக்காமல் முடியாது என்றார்களே, அந்த நேர்மைக்கு இன்றும் நன்றி சொல்வேன். "நீ போயிட்டு வாடி, எனக்குப் பதிலா பாத்துட்டு வா" என்றாள் தோழி. அவளுக்காக, கியோட்டோவின் அரஷியாமா பகுதியில் தென்ரியூஜி கோயிலுக்குள் இருக்கும் ஷிகெத்சு உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பதிவு செய்தோம். பௌத்தத் துறவிகளின் சைவச் சமையல், ஷோஜின் ரியோரி. அங்கே கோமாதோஃபு என்ற எள்ளுக் கட்டியை அவள் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்த பிறகுதான் என் மனம் ஆறியது. சைவர்கள் இதையே முதல் தேர்வாக வையுங்கள்.

எனக்கு ஒற்றை இருக்கை உறுதியாக இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. விலை 30,000 யென், நம் பணத்தில் 17,000 ரூபாயை ஒட்டி வரும். அன்றைக்கு வராமல் போனால் முழுத்தொகையும் போய்விடும். எட்டுப் பேருக்கு என்று எண்ணி வாங்கிய மீனை அவர்கள் வேறு யாருக்கு விற்பார்கள்?

ஜூலை மாதம், கியோன் திருவிழா நேரம். ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாகத் தொடங்கும். சந்துக்குள் பெயர்ப்பலகை எதுவும் கண்ணில் படாது என்பதால் மதியமே போய் வாசலைப் பார்த்துவைத்தேன். மாலையில் வாசல் தெளித்து ஈரமாக இருந்தது, நம் வீட்டு வாசல் மாதிரியே. வாசனைத் திரவியம் போட்டுக்கொள்ளவில்லை. வளையலையும் மோதிரத்தையும் கழற்றிப் பையில் வைத்தேன். அந்தப் பலகையிலும் அரக்குப் பூச்சுக் கிண்ணத்திலும் கீறல் விழக் கூடாது.

மூன்றாவது தட்டுக்கு முன் சமையல்காரர் ஹாமோ என்ற விலாங்கு வகை மீனை எடுத்தார். அதில் பொடி முள் ஏராளம், பிடுங்கி எடுக்க வழியில்லை. கனத்த கத்தியை வைத்து, தோல் அறுபடாமல், சதையை மட்டும் மயிரிழை இடைவெளியில் வெட்டிக்கொண்டே போனார். மூன்று சென்டிமீட்டருக்குள் இருபத்துநாலு வெட்டாவது விழ வேண்டுமாம். ஜரி, ஜரி, ஜரி என்று சத்தம். எட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். மாவில் புரட்டிக் கொதிநீரில் விட்டதும் அந்தத் துண்டு வெள்ளைப் பூவாக விரிந்தது. வேகமான வண்டிகள் இல்லாத காலத்தில், தொலைவான கடலிலிருந்து கியோட்டோ வரை உயிரோடு வந்து சேரும் அளவுக்கு வலுவான மீன் இது. அதனால்தான் இந்த ஊருக்கு அதன்மேல் இத்தனை பிரியம்.

அது மூடிபோட்ட கிண்ணத்தில் வந்தது. மூடி ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த வயதான அம்மா, கிண்ணத்தின் இரு பக்கமும் லேசாக அழுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஒரு நொடி நான் தூத்துக்குடியில் இருந்தேன். ஆச்சி மாசிக் கருவாட்டை அம்மியில் தட்டும்போது எழும் அதே வாசம். அதுவும் சூரைதான். அவித்து, புகைபோட்டு, காயவைத்தது. அங்கே தேங்காயும் மிளகாயும் சேர்ந்து உறைக்கும், இங்கே தண்ணீர் போலத் தெளிந்து, பின்னால் மெல்ல இனிக்கிறது. முதல் வாய் சாறு மட்டும் குடித்தேன். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

பிறகு வந்தவற்றில் சுட்ட ஆயு மீன் நன்றாக இருந்தது. மற்றவை அவ்வளவாக மனதில் நிற்கவில்லை. கடைசியில் மண்சட்டிச் சோறு, ஊறுகாய், மிசோ சூப். மீந்த சோற்றை உருண்டை பிடித்து, காலைக்கு என்று கையில் கொடுத்தார்கள். அங்கே டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. "கொச்சிசோ-சமா தெஷித்தா", விருந்துக்கு நன்றி, என்று சொல்லி எழுந்தேன்.

வாசல் வரை வந்த ஒகாமி, கடையை நடத்தும் அம்மா, இரண்டு கையாலும் ஓர் அட்டையைக் கொடுத்தார். கடையின் போன் எண் இருந்தது. அடுத்த முறை நீங்களே நேராகக் கூப்பிடலாம் என்றார். ஹோட்டலுக்குத் திரும்பியதும் கன்சியர்ஜிடம் போய் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொன்னேன். அவர் பெயரில்தானே நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். காலையில் அந்தச் சோற்றுருண்டையைத் தோழிக்குத் தர முடியவில்லை, அதிலும் தாஷி இருந்தது. அவள் எதிரே உட்கார்ந்து, ஹாமோ வெட்டின சத்தத்தை இன்னொரு தடவை செய்து காட்டச் சொன்னாள்.