அளவீடு அங்கேயே நின்றது, கணக்குதான் நகர்ந்தது

2025 ஜூன் 3 அன்று, அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மிலேப் ஆய்வகம் மியூவான் என்னும் நுண்துகளின் காந்த வலிமையை அளக்கும் மியூவான் ஜி-2 பரிசோதனையின் இறுதி முடிவை வெளியிட்டது. 0.001165920705 என்பது அந்த எண். அதன் நிச்சயமின்மை நூறு கோடியில் 127 பங்குதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே பரிசோதனையின் முதல் முடிவு வந்தபோது, இயற்கையின் ஐந்தாவது விசை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதோ என்று உலகெங்கும் செய்தித் தலைப்புகள் எழுந்தன. இறுதி முடிவு வந்த நாளில் அந்தப் பரபரப்பு இல்லை. முரண்பாடு மறைந்துவிட்டது, பழைய கொள்கையே வென்றது என்று சில வரிகளில் செய்தி முடிந்துபோயிற்று. முதல் செய்தி எவ்வளவு அவசரமானதோ அதே அளவு இந்த இரண்டாவது செய்தியும் அவசரமானது என்பது என் கருத்து. நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

மியூவான் என்பது எலக்ட்ரானின் கனமான உறவு. மின்னூட்டம் அதே, தற்சுழற்சி அதே. நிறை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. 1936-இல் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மேயரும் இதை அண்டக் கதிர்களில் கண்டார்கள். வளிமண்டலத்தின் மேலடுக்கில் உருவாகித் தரையை நோக்கி ஓயாமல் இறங்கிக்கொண்டிருப்பதால், விரித்த உள்ளங்கை ஒன்றின் வழியே நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் இது நம்மைக் கடந்து செல்கிறது. நம் உதகமண்டலத்தில் உள்ள கிரேப்ஸ்-3 பரிசோதனை இந்த மியூவான்களைத்தான் எண்ணுகிறது. 2014 டிசம்பர் 1 அன்று அங்கே கடந்து சென்ற ஓர் இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்பதை, வந்து சேர்ந்த மியூவான்களின் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே அவர்கள் கணித்தார்கள்.

மின்னூட்டமும் தற்சுழற்சியும் உள்ள துகள் ஒரு நுண்ணிய காந்தமாக நடந்துகொள்ளும். அந்தக் காந்தத்தின் வலிமையைக் குறிக்கும் எண்ணுக்கு ஜி என்று பெயர். 1928-இல் டிராக் எழுதிய சமன்பாட்டின்படி அது துல்லியமாக 2. உண்மையில் அது 2-ஐவிட ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவில் கூடுதல், ஏனெனில் வெற்றிடம் முற்றிலும் வெறுமையானதன்று. குவாண்டம் கொள்கைப்படி, ஒளித்துகள்களும் பிற துகள் இணைகளும் கணப்பொழுதில் தோன்றி மறைந்தபடி மியூவானின் காந்தத்தன்மையைச் சிறிது மாற்றுகின்றன. இந்தக் கூடுதலின் பாதியைத்தான் தொடக்கத்தில் சொன்ன எண் குறிக்கிறது. அதன் முதல் பகுதியை 1948-இல் ஜூலியன் ஷ்விங்கர் கணக்கிட்டார். மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் ஆல்ஃபா என்னும் மாறிலியை இரண்டு பையால் வகுத்தால் வரும் விடை, தோராயமாக 0.00116. அவருடைய கல்லறைக் கல்லில் அந்தச் சின்னஞ்சிறு சூத்திரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்குத் தகுதியான சூத்திரம்தான் அது.

இயற்பியலாளர்களின் ஆர்வம் இந்த எண்ணின் கடைசி இலக்கங்களில் குவிந்ததற்குக் காரணம் உண்டு. நாம் அறிந்த துகள்கள் மட்டுமல்லாமல் அறியாத துகள்கள் ஏதேனும் இருந்தால், அவையும் வெற்றிடத்தில் தோன்றி மறைந்து அந்த இலக்கங்களில் தடம் பதித்தாக வேண்டும். கனமான புதிய துகள்களின் பாதிப்பு, பாதிக்கப்படும் துகளின் நிறையின் இருமடியைப் பொறுத்துப் பெருகும் என்பதால், எலக்ட்ரானைவிட மியூவானில் அது ஏறத்தாழ 43,000 மடங்கு தூக்கலாகத் தெரியும்.

அளவிடும் முறையின் அழகைச் சொல்லாமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. மியூவான்களைச் சீரான காந்தப்புலம் கொண்ட ஒரு வளையத்துக்குள் செலுத்தினால், அவை வட்டமாகச் சுற்றும். சாய்ந்து சுழலும் பம்பரத்தின் அச்சு மெல்லத் திரும்புவதுபோல, அவற்றின் தற்சுழற்சி அச்சும் திரும்பும். ஜி என்பது சரியாக 2 ஆக இருந்தால், அச்சு திரும்பும் வேகமும் துகள் வட்டமடிக்கும் வேகமும் ஒன்றாகி, அச்சு எப்போதும் பயணத் திசையையே காட்டிக்கொண்டிருக்கும். 2-ஐவிடக் கூடுதலாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் அச்சு ஏறத்தாழ 12 டிகிரி முந்திக்கொள்கிறது. ஆகவே இந்தப் பரிசோதனை ஜி-யை அளந்து அதிலிருந்து 2-ஐக் கழிப்பதில்லை. அந்தக் கூடுதலை மட்டுமே நேரடியாக அளக்கிறது. ஓய்வு நிலையில் மியூவானின் ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளியின் வேகத்தில் 99.94 விழுக்காட்டில் ஓடும்போது, ஐன்ஸ்டைனின் சார்பியல்படி அந்த ஆயுள் 29 மடங்கு நீள்கிறது. அதற்குள் அது வளையத்தைச் சராசரியாக நானூறு முறைக்கு மேல் சுற்றிவிடும். சிதையும்போது வெளிவரும் பொசிட்ரான் (எலக்ட்ரானின் நேர்மின்னூட்ட இணை), தற்சுழற்சி அச்சு காட்டிய திசையிலேயே பாய முனைகிறது. வளையத்தின் உட்புறம் வரிசையாக நிற்கும் 24 உணர்விகளில் விழும் உயர் ஆற்றல் பொசிட்ரான்களின் எண்ணிக்கை, அச்சு திரும்பத் திரும்ப ஏறியிறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்தின் அதிர்வெண்ணையும் காந்தப்புலத்தின் அளவையும் துல்லியமாக அறிந்தால் விடை கிடைத்துவிடும்.

காந்தப்புலத்தைச் சீராக்கும் வேலை ஒரு தவம். துருவ முகப்புகளில் ஆயிரக்கணக்கான மெல்லிய இரும்புத் தகடுகளை ஒட்டி, மேடுபள்ளங்களைச் சரிசெய்தார்கள். சில நாள்களுக்கு ஒருமுறை, 17 காந்தப்புல உணர்விகளைச் சுமந்த சிறிய தள்ளுவண்டி ஒன்று, மியூவான்கள் ஓடும் அதே வெற்றிடக் குழாய்க்குள் ஒரு முழுச் சுற்று ஓடி, புலத்தை அங்குலம் அங்குலமாக அளந்துவந்தது.

இந்த வளையத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் 1950-களின் இறுதியில் தொடங்கி 1970-கள் வரை நடந்த மூன்று பரிசோதனைகளின் தொடர்ச்சியாக, நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இது கட்டப்பட்டது. 1997 முதல் 2001 வரை அங்கே தரவு சேகரிக்கப்பட்டது. 2001-இல் கொள்கைக்கும் அளவீட்டுக்கும் இடையே 2.6 சிக்மா இடைவெளி (சிக்மா என்பது நிச்சயமின்மையின் அலகு) அறிவிக்கப்பட்டது; அதே ஆண்டின் இறுதிக்குள், மார்செய் நகர இயற்பியலாளர்கள் கொள்கைக் கணக்கின் ஓர் உறுப்பில் கூட்டல் குறிக்கும் கழித்தல் குறிக்கும் இடையே பிழை நேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த உறுப்பைக் கணக்கிட்டிருந்த கினோஷிட்டாவும் ஹயக்காவாவும் தங்கள் கணக்கைச் சரிபார்த்து, கணினி நிரலில் ஒரு குறிக்கான மரபு மாறியிருந்ததே காரணம் என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்கள். இடைவெளி சுருங்கியது. பின்னர் வந்த புதிய தரவுகளால் மீண்டும் விரிந்தது. 2013-இல் வளையத்தின் 15 மீட்டர் விட்டமுள்ள மீகடத்திச் சுருள்களைப் பிரிக்காமல், சில மில்லிமீட்டருக்கு மேல் வளையவும் விடாமல், படகில் ஏற்றி அட்லாண்டிக் கரையோரமாக ஃபுளோரிடாவைச் சுற்றி, ஆறுகளின் வழியே ஃபெர்மிலேப் இருக்கும் இல்லினாய் மாநிலத்துக்குக் கொண்டுசேர்த்தார்கள். புதிதாகக் கட்டுவதைவிட அது மலிவு.

ஃபெர்மிலேப் குழு தன் ஆசைகளிடமிருந்தே தன்னைக் காத்துக்கொள்ள ஓர் ஏற்பாட்டைச் செய்தது. நேரத்தை அளக்கும் கடிகாரத்தின் அதிர்வெண்ணைச் சற்றே மாற்றி வைத்து, அந்த மாற்றத்தின் அளவைக் குழுவுக்கு வெளியே இருந்த இருவர் மட்டும் அறிந்திருந்தார்கள். எண் உறைக்குள் முத்திரையிடப்பட்டது. பகுப்பாய்வு முழுவதும் முடிந்து, இனி எதையும் மாற்றமாட்டோம் என்று அனைவரும் ஒப்புக்கொண்ட பிறகே உறை பிரிக்கப்பட்டது. விரும்பிய விடையை நோக்கித் தரவை அறியாமலேயே நகர்த்திவிடும் மனித இயல்பை அவர்கள் இவ்வளவு கண்டிப்புடன் அடைத்ததுதான் இந்தப் பரிசோதனையின் மீது எனக்குள்ள நம்பிக்கையின் அடிப்படை.

2021 ஏப்ரல் 7 அன்று இந்திய நேரப்படி இரவில் அந்த முதல் முடிவு அறிவிக்கப்பட்டதை நேரலையில் பார்த்தேன். புரூக்ஹேவனின் பழைய எண்ணோடு புதிய எண் அழகாகப் பொருந்தியது. இரண்டையும் சேர்த்தால் 2020-இல் கொள்கையாளர்கள் கூட்டாக வெளியிட்டிருந்த 0.00116591810 என்ற மதிப்பிலிருந்து 4.2 சிக்மா விலகல். தலைப்புகள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. அதே நாளில் ‘நேச்சர்’ இதழில் வெளியான மற்றொரு கட்டுரையைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

இங்கேதான் விவகாரத்தின் மையம் இருக்கிறது. மியூவானைச் சூழும் வெற்றிடத்தில் எலக்ட்ரான்களும் ஒளித்துகள்களும் ஆற்றும் பங்கைக் கினோஷிட்டாவின் குழு துகள்களின் வினைகளைப் படமாகக் குறிக்கும் 12,672 ஃபைன்மன் வரைபடங்கள் கொண்ட ஒரு கட்டம் வரை சென்று கணக்கிட்டிருக்கிறது. அதில் யாருக்கும் ஐயமில்லை. புரோட்டான் போன்றவற்றின் உட்துகள்களான குவார்க்குகளும், அவற்றை வலுவிசையால் பிணைக்கும் குளுவான்களும் ஆற்றும் பங்குதான் சிக்கல். குறைந்த ஆற்றலில் வலுவிசை உண்மையிலேயே வலுவாக இருப்பதால், சிறிது சிறிதாகத் திருத்திச் செல்லும் வழக்கமான கணித முறை அங்கே செல்லாது. இதுவரை முதன்மையாகப் பயன்பட்டவை இரண்டு வழிகள். எலக்ட்ரானும் பொசிட்ரானும் மோதும்போது குவார்க்குகளால் ஆன பையான் போன்ற துகள்கள் எவ்வளவு அடிக்கடி உருவாகின்றன என்பதைப் பரிசோதனைகளில் அளந்து, அந்தத் தரவிலிருந்து மியூவானுக்கான பங்கைத் தருவிப்பது ஒரு வழி. காலவெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வலுவிசையின் சமன்பாடுகளை மீக்கணினியில் நேரடியாகத் தீர்ப்பது மற்றொரு வழி. இதற்கு லேட்டிஸ் முறை என்று பெயர். 2020-இன் எண் முதல் வழியில் வந்தது. ‘நேச்சர்’ கட்டுரை, புடாபெஸ்ட், மார்செய், வுப்பர்ட்டால் நகரங்களின் பெயரால் அறியப்படும் குழு இரண்டாவது வழியில் செய்த கணக்கு. அதன்படி கொள்கையின் மதிப்பு அளவீட்டுக்கு அருகே வந்துவிட்டது. புதிய துகள் எதுவும் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு குழுவின் கணக்கு என்று அப்போது தயங்கியது நியாயமே. அடுத்த ஆண்டுகளில் வேறு வேறு லேட்டிஸ் குழுக்கள், தனித்தனி நிரல்களோடும் முறைகளோடும், அதே திசையில் வந்து சேர்ந்தன. 2023 பிப்ரவரியில் முதல் வழியிலும் விரிசல் விழுந்தது. ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் இயங்கும் சிஎம்டி-3 பரிசோதனை, இரண்டு பையான்கள் உருவாகும் வீதம் முந்தைய எல்லா அளவீடுகளையும்விடக் கூடுதல் என்று அறிவித்தது. அந்தத் தரவை மட்டும் எடுத்துக்கொண்டால் கொள்கைக்கும் அளவீட்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இதில் என்னை இன்றும் உறுத்துவது, அதே நிறுவனத்தின் முந்தைய கருவியான சிஎம்டி-2 தந்த முடிவோடும் அது ஒத்துப்போகவில்லை என்பதே. கலிஃபோர்னியாவின் பாபார், இத்தாலியின் குளோயி ஆகிய பரிசோதனைகளுக்கு இடையே ஏற்கெனவே பிணக்கு இருந்தது. அதே மோதலை, அதே ஆற்றலில், திறமைமிக்க குழுக்கள் அளந்தும் விடைகள் ஒன்றுபடவில்லை.

2025 மே மாதம் கொள்கையாளர் கூட்டமைப்பு தன் புதிய மதிப்பை வெளியிட்டது: 0.00116592033. எலக்ட்ரான் பொசிட்ரான் தரவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதால் அவற்றை விடுத்து, அந்த முதன்மைப் பங்குக்கு லேட்டிஸ் கணக்குகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. சில நாள்களில் ஃபெர்மிலேப்பின் இறுதி எண் வந்தது. இரண்டும் பிழை வரம்புக்குள் ஒத்திருந்தன. புரூக்ஹேவனைப் போல 21 மடங்குக்கு மேற்பட்ட தரவைச் சேர்த்த பிறகும், பரிசோதனையின் எண் இருபது ஆண்டுகளாக ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது. நகர்ந்தது கொள்கையின் எண். அதன் நிச்சயமின்மையும் 2020-இல் இருந்ததைவிடக் கூடியிருக்கிறது. இப்போது அது பரிசோதனையின் நிச்சயமின்மையைப் போல நான்கு மடங்கு.

இதனால்தான் ‘செந்தர மாதிரி (துகள்கள் பற்றிய இன்றைய ஏற்கப்பட்ட கொள்கை) வென்றது’ என்ற வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. இன்றைய நிலையில் முரண்பாடு இல்லை என்பது உண்மை. இந்த அளவீட்டின் முழுத் துல்லியத்துக்கு ஈடுகொடுக்கும் கணக்கு நம்மிடம் இன்னும் இல்லை என்பதும் உண்மை. புதிய துகள் ஒளிந்திருக்கக்கூடிய இடம் குறுகியிருக்கிறது, மூடப்பட்டுவிடவில்லை. 2022-இல் டபிள்யூ போசான் என்னும் துகளின் நிறை கொள்கையைவிட மிகக் கூடுதல் என்று ஃபெர்மிலேப்பின் சிடிஎஃப் குழு அறிவித்து, 2024-இல் செர்னின் சிஎம்எஸ் குழு கொள்கையோடு ஒத்துப்போகும் மதிப்பைத் தந்தபோது, அங்கே மோதியவை இரண்டு அளவீடுகள். மியூவானில் நடந்தது வேறு வகை. இங்கே கொள்கையின் உள்ளீடாகப் பயன்பட்ட அளவீடுகளே தமக்குள் மோதுகின்றன. எந்தக் குழுவின் எந்தத் திருத்தத்தில் பிழை ஒளிந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்காமல், ஒத்துப்போகும் எண்ணை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது நல்ல அறிவியல் ஆகாது. கூட்டமைப்பின் உறுப்பினர்கள் இதை நன்கு உணர்ந்திருப்பதால்தான், மற்ற தரவுகளைத் தள்ளிவிட்டோம் என்று சொல்லாமல், விளக்கம் கிடைக்கும்வரை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஜப்பானின் டோக்காய் கிராமத்தில் ஜே-பார்க் ஆய்வகம் முற்றிலும் வேறொரு முறையில் இதே எண்ணை அளக்கத் தயாராகிவருகிறது. மியூவான்களைக் குளிர்வித்து மீண்டும் முடுக்கி, ஒரு மீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள வட்டப் பாதையில் சுற்றவிடும் திட்டம் அது. ஃபெர்மிலேப் வளையத்தில் ஏதேனும் முறைசார்ந்த பிழை இருந்தால் அங்கே வெளிப்பட்டுவிடும். ஆனால் நான் கூடுதலாக எதிர்பார்ப்பது செர்னின் மியூஒன் திட்டத்தைத்தான். உயர் ஆற்றல் மியூவான்களை அணுக்களிலுள்ள எலக்ட்ரான்கள் மீது சிதறவைத்து, சிதறும் கோணங்களைக் கொண்டே குவார்க்குகளின் பங்கைத் தருவிக்கும் முறை அது. பையான்களை எண்ணத் தேவையில்லை, காலவெளியைக் கட்டங்களாக்கவும் தேவையில்லை. முரண்படும் இரண்டு வழிகளையும் சாராத மூன்றாவது வழி அது என்பதால், கோணங்களை மிக நுட்பமாக அளந்தாக வேண்டிய கடினமான பணியாக இருந்தாலும், அதன் முடிவு வரும்வரை இந்த விவாதத்தை முடிந்ததாகக் கொள்ள நான் தயாராக இல்லை.