துளையில் தொடங்கும் கொலாஜ்: செயின்ட் ஐவ்ஸில் ஹெப்வொர்த்தின் தோட்டம்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், செயின்ட் ஐவ்ஸ் போகச் செயின்ட் எர்த் நிலையத்தில் கிளைப்பாதை ரயிலுக்கு மாறும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம்தான். ஆனால் கார்ன்வால் கடற்கரை எப்படி வளைந்து தண்ணீரை அணைத்துக்கொள்கிறது என்பதை அந்த ஜன்னல் காட்டிவிடும். பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1946ல் செய்த 'பெலகோஸ்' இந்த வளைகுடாவிலிருந்து பிறந்த சிற்பம். எல்ம் மரத்தைக் குடைந்து, குழிவுக்குள் இளநீலம் பூசி, குறுக்கே நூல்களை இழுத்துக் கட்டியிருப்பார். அவர் சிற்பங்களைப் பார்த்து காகித கொலாஜ், அதாவது வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டும் படம், செய்வது பற்றித்தான் இங்கே சொல்கிறேன். அதற்கு வேண்டிய மூன்றும் 'பெலகோஸி'ல் இருக்கின்றன: விளிம்பு, உள்நிறம், கோடு.

செயின்ட் ஐவ்ஸில் அவர் 1949 முதல் 1975ல் இறக்கும்வரை வேலை செய்த ட்ரெவின் ஸ்டுடியோ இப்போது அருங்காட்சியகம். வெண்கலங்கள் தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே, அவர் வைத்துப் பார்த்த அதே வெளிச்சத்தில் நிற்கின்றன. இங்கே புகைப்படத்தை மட்டும் நம்பித் திரும்பிவிடாதீர்கள். ஒரு சிற்பத்தைத் தேர்ந்தெடுத்து, மூன்று இடங்களில் நின்று, துளையை மட்டும் வரையுங்கள். வெளிக்கோடு வேண்டாம். 1966ல் செய்த 'ஃபோர்-ஸ்கொயர் (வாக் த்ரூ)' இதற்கு மிகப் பொருத்தம். 4 மீட்டருக்கு மேல் உயரம், நான்கு பெரிய பலகைகள், வட்டத் துளைகள். உள்ளே நுழைந்தே நடக்கலாம்.

நடக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். நேர் எதிரே நின்றால் துளை வட்டம். வலப்பக்கமாக நகர நகர அது ஒடுங்கும். கூடவே துளையின் இடப்பக்க உள்சுவர் பிறைபோல எட்டிப்பார்க்கும். பலரும் பிறையைத் தவறான பக்கம் ஒட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் துளை மேடாகத் தெரியும். எந்த நிழலும் அதைக் காப்பாற்றாது. அளவு சொல்கிறேன். காகிதத்தில் துளையின் விட்டம் 6 செ.மீ., பலகையின் தடிமன் 1.5 செ.மீ. என்று வையுங்கள். நேர்ப்பார்வையிலிருந்து 60 டிகிரி விலகினால் துளையின் அகலம் 3 செ.மீ. ஆகிவிடும். அதில் பிறை சுமார் 1.3 செ.மீ.; மிச்சம் 1.7 செ.மீ. வழியாகத்தான் பின்புறம் தெரியும். உயரம் மட்டும் 6 செ.மீ. மாறாது.

தாள்களை நீங்களே வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் வெட்டுப்படங்களிலும் கோவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) பூசிய தாள்தான். 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாளில் முதலில் அடர்பழுப்பு. நன்றாகக் காய்ந்தபிறகு, தூரிகையைத் துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்ந்த நிலையில் பச்சையை இழுத்தால் வெண்கலத்தின் பாசிநிறம் வந்துவிடும். தடிமனாகப் பூசினால் வளைக்கும்போது வெடிக்கும். பூசிய தாள் நெளியும். காய்ந்ததும் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு ராத்திரி அழுத்தி வையுங்கள்.

வெட்டும்போது துளைதான் முதலில். சுற்றிலும் முழுத்தாள் இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும். வெளிவடிவத்தை முதலில் வெட்டிவிட்டால் துளைக்கும் விளிம்புக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய கழுத்து கிழியும். கத்தி ஒரே இடத்தில் இருக்கட்டும், தாளைத் திருப்புங்கள். வட்டத்தின் கோட்டிலேயே கத்தியை இறக்காமல், உள்ளே வீணாகப் போகும் பகுதியில் இறக்கிச் சுழன்று கோட்டைத் தொடுங்கள். தொடங்கிய இடத்தில் முடிச்சு தெரியாது.

நூல் கட்டுவதாக இருந்தால், வடிவத்தை 2 மி.மீ. கிரே போர்டில் (கெட்டியான சாம்பல்நிற அட்டையில்) ஒட்டி, காய்ந்ததும் போர்டிலும் துளையை வெட்டிக்கொள்ளுங்கள். வெறும் தாளில் நூல் இழுத்தால் ஊசித்துளைகள் பிய்ந்துவிடும். ஒரு விளிம்பில் 4 மி.மீ. இடைவெளியில் 12 ஊசித்துளைகள், எதிர்விளிம்பில் 6 மி.மீ. இடைவெளியில் 12. முதல் துளையை முதலோடு இணைத்தால் வெறும் விசிறி. மூன்று தள்ளி, முதலாவதை நான்காவதோடு இணைத்துக்கொண்டே போய், கடைசி மூன்றை எதிர்விளிம்பின் முதல் மூன்றோடு சேர்த்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, முறுக்கிய பரப்பு மாதிரி தெரியும். எளிமையான மெல்லிய பருத்தி நூல் போதும். தொய்யாமல் இழுங்கள், ஆனால் போர்டு வில்லாக வளையும் அளவுக்கு வேண்டாம்.

ஒட்டுவதற்கு பிவிஏ எனும் வெள்ளைப் பசை நான்கு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. நடுவிலிருந்து விளிம்புக்குத் தடவி, தாள் ஊறி விரிய அரை நிமிடம் விட்டு, அடித்தாளில் வையுங்கள். உடனே வைத்தால் விரிவது ஒட்டியபிறகு நடக்கும், குமிழ் வரும். முகப்பில் பசை பட்டுவிட்டால் துடைக்கப் போகாதீர்கள். கோவாஷ் கரைந்து பளபளப்பான கறை நிரந்தரமாக நின்றுவிடும். அடித்தாள் 300 ஜிஎஸ்எம்மாக இருந்தாலும் ஒருபக்கம் மட்டும் ஒட்டினால் வளையும். பின்புறமும் அதே எடையில் ஒரு தாளை, இழை ஓட்டம் அதே திசையில் வரும்படி ஒட்டுங்கள்.

பிறைக்கான தாள் வெளிமுகப்பைவிட வெளிர்நிறமாக இருப்பது எனக்குப் பிடிக்கும். துளைக்குப் பின்னால் வரும் நிறத்தை மட்டும் கடைசிவரை ஒட்டாதீர்கள். வெள்ளைச் சுவர், இலைப்பச்சை, கடல்நீலம் என்று துண்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னே நகர்த்திப் பாருங்கள். பிறையைவிடக் கொஞ்சம் குளிர்ந்த நிறம் வந்ததும் துளை பின்வாங்குவது கண்ணுக்கே தெரியும். அப்போது நிறுத்தி, அந்தத் துண்டை ஒட்டுங்கள்.