ஸ்டோர் ரூம் முளைப்பாரி

நவம்பர் வந்தால் எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் நாலு மணிக்கு வானம் பொத்துக்கொள்ளும். வாசல் சட்டியில் போட்ட விதையெல்லாம் மூன்று தடவை கால்வாயோடு போய்விட்டது. சரி, இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே நாற்று விடுவோம், பொங்கல் முடிந்து மழை விட்டதும் வெளியே நடுவோம் என்று கிளம்பினேன்.

யூடியூபில் ஒரு வெள்ளைக்காரம்மா, கடைசி உறைபனிக்கு ஆறேழு வாரம் முன்னால் விதை போடச் சொன்னார். நம்மூரில் உறைபனி ஃபிரிட்ஜின் மேல்தட்டில்தான் விழும். விதைக்கு அடியில் சூடு கொடுக்க ஒரு மின்சாரப் பாய் வேண்டுமாம். என் ஸ்டோர் ரூமில் நடுராத்திரியிலும் 29 டிகிரி. பாய்க்காசு மிச்சம்!

முட்டை அட்டையில் 30 குழி. தேங்காய் நார்த்தூள் நிரப்பி, தக்காளியும் கத்திரியும் போட்டு, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பத்தாம் நாள் திறந்தால் விரல் நீளத்துக்கு நிற்கிறது. ஆனால் பச்சை இல்லை, வெளிறிய மஞ்சள். தண்டு தையல் நூல் மாதிரி. கதவிடுக்கு வெளிச்சத்தைப் பார்த்து எல்லாம் ஒரே பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு, பஸ் வருதா என்று எட்டிப் பார்க்கிற ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி.

முளைக்கத்தான் சூடும் ஈரமும் போதும். முளைத்த கையோடு வெளிச்சம் வேண்டும்; கிடைக்காவிட்டால் அதைத் தேடியே தண்டு இழுத்துக்கொண்டு போகும். அந்தம்மா சொல்லித்தான் இருப்பார். நான் விளம்பரத்தோடு சேர்த்து ஓட்டிவிட்டேன்.

மறுநாள் அரிசி எடுக்கப் போன மாமியாரைக் காணோம். உள்ளேயிருந்து குலவைச் சத்தம்!

"ஏம்மா, முளைப்பாரி போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மீன் கறி சாப்பிட்டுட்டு உள்ள வந்துட்டேனே!"

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் இருட்டறையில் நவதானியம் வளர்த்தவர். வெளுத்து வளர்ந்தால்தான் அவருக்கு அழகு.

"அத்தை, இது தக்காளி."

"நவதானியத்துல தக்காளி எப்ப சேர்ந்துச்சு?"

வீட்டுக்காரர் வேறு ஆறுதல் சொல்ல வந்தார். 1876-ல் பிரேசிலிலிருந்து போன சுமார் 70,000 ரப்பர் விதையை லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் போட்டதில், சுமார் 2,700தான் முளைத்ததாம். "உனக்கு 30-க்கு 21. வெள்ளைக்காரனையே மிஞ்சிட்ட."

அந்த 21-ஐயும் அவசரத்தில் நேரே உச்சி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் மிஞ்சியது நாலு தக்காளி. தண்டிலேயே வேர் விடும் சாதி என்பதால் கழுத்துவரை மண்ணில் புதைத்திருக்கிறேன்.

மாமியார் அந்தச் சட்டியைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிடுகிறார். வீட்டில் மீன் வாங்கி இன்றோடு ஆறு நாள்.