எடைச் சீட்டில் சைபர் விழவில்லை

மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் மண்டிகளில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. பெங்களூரா காய் லோடு லோடாக வந்து இறங்கும், அப்படியே கூழ் ஃபேக்டரிக்குக் கிளம்பும். காவேரிப்பட்டணத்தில் மாமா மண்டி வைத்திருக்கிறார். போன சீசன் நடுவில் அவரிடமிருந்து போன்.

"மாப்ள, ரெண்டாயிரத்து எழுநூறு கிலோன்னு அடிச்சா எரநூத்தி எழுபதுன்னு விழுது. சைபர் ஒண்ணு காணாமப் போவுது. இப்ப கீபோர்டு சுத்தமா கனெக்டே ஆவல."

கடிதத்தில் ஓர் எழுத்து விடுபட்டால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். எடைச் சீட்டில் ஒரு சைபர் போனால், வருஷம் பூராவும் தோப்பைக் காத்தவர் கைக்குப் போக வேண்டிய பணம் போகிறது. உடனே வண்டியை எடுத்தேன்.

ஒயர் இல்லாத கீபோர்டு அது. முதலில் பேட்டரி. புது செல் போட்டாயிற்று என்றார்கள். சரி, செல் உட்காரும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தால் ஒரு ஸ்பிரிங்கின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பழைய செல் கசிந்த கறை. அல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அதனால் எலுமிச்சைச் சாற்றில் நனைத்த பட்ஸால் துடைத்தால் கரைந்து வந்துவிடும். வெறும் விரலால் தொடக் கூடாது. ஈரத்தை ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்டு செல்லைப் போட்டதும் கீபோர்டில் லைட் எரிந்தது. கனெக்ட் மட்டும் ஆகவில்லை.

அடுத்து, கீபோர்டின் சிக்னலை வாங்கக் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கும் குட்டி யூஎஸ்பி துண்டை, அதாவது டாங்கிளைக் கழற்றிக் கணக்குப்பிள்ளையின் லேப்டாப்பில் சொருகினேன். கீபோர்டு உடனே வேலை செய்தது. புதுசு வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் எல்லோரும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட வேண்டும். கீபோர்டும் டாங்கிளும் நன்றாக இருக்கின்றன என்று தெரிந்துவிட்டால், கோளாறு அந்தக் கம்ப்யூட்டரிலோ அது இருக்கும் இடத்திலோதான்.

இரும்பு மேசைக்கு அடியில் சிபியூ. அதன் முதுகில், நீல நிற போர்ட்டில் டாங்கிள் இருந்திருக்கிறது. பக்கத்து நீல போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். பில் கணக்கை பேக்கப் எடுக்க அந்த வாரம்தான் வாங்கினார்களாம். டாங்கிளைப் பழைய இடத்திலேயே சொருகி, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றினேன். கீபோர்டு வந்துவிட்டது. திரும்பச் சொருகி பேக்கப்பை ஓடவிட்டேன். எழுத்துகள் திக்கித் திக்கி விழுந்து, அப்புறம் நின்றே போயின.

இதற்குக் காரணம் இருக்கிறது. டாங்கிள் வைத்த ஒயர்லெஸ் கீபோர்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. நீல நிற போர்ட் என்றால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0. அதில் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் டேட்டா ஓடும்போது எழும் மின் இரைச்சல் அதே அலைவரிசையிலும் பரவுகிறது. போர்ட்டிலிருந்தும் கேபிளிலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் அது கசியும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைச் சோதித்து விளக்கமாக வெளியிட்டிருக்கிறது. திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்பவனைத் தூரத்திலிருந்து கூப்பிட்டால் எப்படிக் காதில் விழும்? டாங்கிளின் நிலைமை அதுதான். கூடவே, நடுவில் இரும்பு மேசையும் சிபியூவின் தகரமும்.

ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ஒரு முனையைக் கறுப்பு நிற 2.0 போர்ட்டில் சொருகி, மறுமுனையில் டாங்கிளை மாட்டி, மானிட்டருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினேன். ஹார்ட் டிஸ்க் பேக்கப் ஓட ஓட மாமா பில் அடித்தார். ஒரு சைபர்கூடத் தவறவில்லை.

பில் போடும் மெஷினுக்கு ஒயர் கீபோர்டுதான் சரி என்பது என் எண்ணம். ஆனால் மேசை முழுக்கச் சீட்டுக் கட்டு, மாமா கீபோர்டை மடியில் வைத்துத்தான் அடிப்பார். அவர் வசதி அது.

சும்மா விட்டுவிட்டு வந்தபின் கீபோர்டு எழாமல் இருந்தால், டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் சேமிக்க அணைத்துக்கொள்ளலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். புளூடூத் கீபோர்டு என்றால் லிஸ்டிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும். அப்போது திரையில் எண் வந்தால், அதைக் கீபோர்டிலேயே அடித்து எண்டர் தட்டினால்தான் ஏற்கும். பலர் அந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

கீபோர்டு இல்லாமல் பாஸ்வேர்டு எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். விண்டோஸ் லாகின் திரையின் வலது கீழ் மூலையில் ஆக்சஸிபிலிட்டி ஐகான் இருக்கும். அதில் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து, மவுஸாலேயே ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிவிடலாம். மவுஸும் அதே டாங்கிளில் ஓடுவதாக இருந்தால், ஒயர் மவுஸ் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.