நிஷெல் நிக்கோல்ஸ்: இரண்டாம் தாள், ஐந்தாம் முயற்சி

நேற்று மாலை, ஐந்தாம் முயற்சியில், நான் கரியால் வரைந்துவரும் உஹூரா என்னும் பாத்திரத்தின் கன்னம் கைக்கு வந்தது. காதருகே உயர்ந்த கை இன்னும் வரவில்லை என்றாலும், மூன்று மாதங்களாக என்னை அலைக்கழித்த இடம் தெளிந்த மகிழ்ச்சியில் இதை எழுதுகிறேன்.

நடிகை நிஷெல் நிக்கோல்ஸின் கலைவாழ்வை நான்கு கரி ஓவியங்களாக வரைந்து வருகிறேன். 1932இல் இல்லினோய் மாநிலத்தின் றொபின்ஸ் என்னும் ஊரில் பிறந்து, இளவயதிலேயே ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் இசைக்குழுவோடு மேடையேறிய பாடகி முதல் தாள்; அது சித்திரையில் முடிந்தது. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் தொடரில் விண்கலத்தின் தொடர்பாடல் அதிகாரியாக அவர் நடித்த உஹூரா இரண்டாம் தாள்.

கரிய தோல் என்றதும் கரியை அள்ளிப் பூசியதே முதல் நான்கு முயற்சிகளையும் கெடுத்தது. உண்மையில் அத்தகைய முகத்தில் ஒளி கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் கீழுதட்டிலும் மிகக் கூர்மையாக நிற்கிறது. ஆகவே முகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கி, பின்னர் வேண்டிய இடத்தில் கரியை எடுக்கவே நான் பழக வேண்டியிருந்தது. அழிறப்பர் தாளைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடுவதால், பழைய ஓவியர்களின் வழியில் பாணுக்கு மாறினேன். அன்றைய பாணின் ஈரம் கரியைத் தாளோடு ஒட்டவைக்கிறது. இரண்டு நாளானது பொடிந்து கொட்டுகிறது. முதல்நாள் வாங்கிய அச்சுப் பாணின் வெள்ளைப் பகுதியைக் கடலை அளவு உருட்டி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தபோதுதான் கன்னத்தில் ஒளி எழுந்தது.

கரிக்கோலும் வீட்டில் சுட்டதே. பால்மா ரின்னின் மூடியில் ஆணித்துளை இட்டு, முருங்கைக் குச்சிகளை அடுக்கி, துளையில் புகை அடங்கும்வரை அடுப்பில் வைத்தேன். பாலை மரமும் வீரை மரமும் எங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் தாராளமாகக் கிடைத்தாலும், அவற்றின் கரி கடினமாகித் தாளைக் கீறுகிறது. தாளைப் பொறுத்தவரை, கொழும்பிலிருந்து தருவித்த கட்டு நடுவில் மடிந்து வந்ததால், இனி வவுனியாவுக்கு நேரே போய்த் தடவிப் பார்த்தே வாங்குவேன்.

உஹூரா பெரும்பாலான காட்சிகளில் இருக்கையில் அமர்ந்து காதுக்கருவியில் கேட்டுக்கொண்டிருப்பவர், வசனமும் குறைவு. அந்தக் குறையைக் கழுத்தின் நிமிர்வாலும் தோளின் திருப்பத்தாலும் அவர் நிரப்பினார். முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தன் பாட்டு வராத நேரத்திலும் கண்ணகி வேடக்காரர் கதைக்குள்ளேயே நிற்பது தெரியும். இதுவும் அத்தகைய மேடைப் பயிற்சிதான். முதற்பருவம் முடிந்ததும் மேடைக்கே திரும்ப எண்ணி விலகல் கடிதம் கொடுத்தவரை, மார்ட்டின் லூதர் கிங் சந்தித்து, போகக் கூடாது என்று வலியுறுத்தியதாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். அப்படித் தங்கிவிட்டவரின் உறுதி கண்களில் தெரிய வேண்டும் என்பதற்காகவே இந்தத் தாளை நான் கைவிடவில்லை.

மூன்றாம் தாளுக்கு இப்போதே கோட்டுருவங்கள் போட்டுவிட்டேன். 1977இல் நாசாவுக்காக விண்வெளி வீரர்களைத் திரட்டும் பணியில் அவர் இறங்கினார். 1978இல் தெரிவான 35 பேரில் 6 பெண்கள் இருந்தனர், பின்னாளில் விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்ணான சலி றைட் அவர்களில் ஒருவர். நான்காம் தாள், 2022இல் 89 வயதில் மறைந்த அந்த அம்மையாரின் முதுமை முகம்.

அதற்கு முன் அந்தக் கையை முடிக்க வேண்டும். விரல்களுக்கிடையில் மின்னும் காதுக்கருவிக்குத் தாளின் வெண்மையே தேவை. ஆனால் விரல்களின் நிழலைப் பூசும்போதெல்லாம் அந்த வெண்மை மாசடைகிறது, சோளகக் காற்றும் கரித்தூளை அங்கேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. உழுந்தளவு வெள்ளையைக் கடைசிவரை காப்பாற்றும் முறை தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.